பாதி தூரத்தில் விழுகிற ஜம்ப்

கேள்வி: மூன்று குளிர்காலமாக ஸ்னோபோர்ட் (பனிச்சறுக்குப் பலகை) ஓடுகிறேன். சுவிஸ் மலையிலுள்ள லாக்ஸ் பனிச்சறுக்குப் பார்க்கில் சின்ன ஜம்ப் எல்லாம் சரியாக வருகிறது. நடுத்தர ஜம்பில் மட்டும் ஒவ்வொரு முறையும் ஏறுமேட்டுக்கும் இறங்குசரிவுக்கும் நடுவிலுள்ள சமதளத்தில் 'டொம்' என்று விழுகிறேன். கூட வருகிறவர்கள், "பயம்தான் காரணம், நேரே பெரிய ஜம்புக்குப் போ" என்கிறார்கள். போகலாமா?
- 24 வயது வாசகர், சூரிச்

பதில்: வேண்டாம் தம்பி. அங்கேயும் பாதியில்தான் விழுவீர்கள், இன்னும் உயரத்திலிருந்து.

2 மீட்டர் மதிலிலிருந்து குதித்தால் தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு சுமார் 22 கிலோமீட்டர். சமதளத்தில் விழுந்தால் அதை முழுக்க உங்கள் முழங்கால்தான் வாங்குகிறது. சமதளத்தைத் தாண்டி இறங்குசரிவில் போய் விழுந்தால், நீங்கள் விழுகிற திசையும் சரிவும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். அடியே தெரியாது, அப்படியே வழுக்கிக்கொண்டு போகலாம்.

நீங்கள் செய்வது என்னவென்று ஊகிக்கிறேன். மேட்டில் ஏறுவதற்குச் சற்று முன், உங்களுக்கே தெரியாமல் பலகையைக் கொஞ்சம் குறுக்கே திருப்பி வேகத்தைக் குறைக்கிறீர்கள். ஒரு குளிர்காலம் முழுக்க நானும் அதைத்தான் செய்தேன். நண்பர் ஃபோனில் படம் பிடித்துக் காட்டும்வரை நம்பவில்லை. நீங்களும் யாரையாவது எடுக்கச் சொல்லுங்கள். அப்புறம், அந்த ஜம்பைச் சுத்தமாகத் தாண்டுகிற ஒருவர் எங்கிருந்து புறப்படுகிறார் என்று பார்த்து, போதிய இடைவெளி விட்டு அவர் வேகத்திலேயே பின்னால் போங்கள். கடைசிப் பத்து மீட்டரில் திருப்பம் கிடையாது. பலகை பனியில் தட்டையாக, முழங்கால் மடங்கி இருக்கட்டும். குதிகால் பக்கம் சாய்ந்தால் முதுகில்தான் இறங்குவீர்கள்.

ஆனால் காலையில் பிடித்த வேகம் மாலைக்கு உதவாது. எனக்கு 34 வயதில், ஒரு மார்ச் மாதம், காலையில் ஐந்து முறை அழகாகத் தாண்டிய ஜம்ப். மதியம் இரண்டு மணிக்கு அதே இடத்திலிருந்து புறப்பட்டேன். வெயிலில் பனி இளகிப் பலகையைப் பிடித்துக்கொண்டது. சமதளத்தின் விளிம்பில் விழுந்து கையைப் பின்னால் ஊன்றினேன். இடது மணிக்கட்டுக்கு ஆறு வாரம் கட்டு. இப்போது சாப்பாட்டுக்குப் பிறகு முதல் சுற்றில் குதிப்பதில்லை. ஜம்பின் பக்கத்தால் போய்ப் பனியைப் பார்ப்பதோடு சரி. எதிர்க்காற்று அடித்தாலும் அப்படித்தான்.

ஹெல்மெட்டைச் சொல்லவே வேண்டாம். மணிக்கட்டுக் காப்பும் முதுகுக் காப்பும் போடுங்கள். விழும்போது விரல்களை மடக்கிக்கொள்ளுங்கள். லாக்ஸிலேயே உள்ளரங்க ஃப்ரீஸ்டைல் அகாடமி இருக்கிறது. காற்றில் உடம்பை அடக்க அங்கே டிராம்போலினில் பழகலாம். மெத்தையில் விழுந்து பழகுவதை மட்டும் நான் அதிகம் நம்புவதில்லை, எப்படி விழுந்தாலும் அது மன்னித்துவிடும்.

நடுத்தர ஜம்பில் பத்துக்கு எட்டு முறை சரிவில் இறங்கினால் பெரியதைப் பற்றி எழுதுங்கள். அதற்கு முன் முழங்காலை டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.