தனியாக ஒரு நாள் கோட்டை: செம்பூர் நண்பருக்கு

ஒரே ஞாயிறு, தனி ஆள், மராத்தி வராது, பச்சையும் பார்க்கணும் பழைய கோட்டையும் பார்க்கணும் என்கிறீர்கள். சரி, லோணாவ்ளா பக்கத்து மலைக்கோட்டையான லோகட் போங்கள்.

மும்பை தாதரில் காலைப் புனே ரயில் பிடித்து லோணாவ்ளாவில் இறங்குங்கள். அங்கிருந்து புனே லோக்கலில் அடுத்த நிலையம் மளவ்லி. வெளியே வந்ததும் வயல், பாஜே கிராமம், அப்புறம் ஏற்றம். வழியில் பாஜா பௌத்தக் குகைகள் இருக்கின்றன, விடாதீர்கள். மேலே கணவாயில் பாதை பிரியும்: இடப்பக்கம் விசாப்பூர் என்ற இன்னொரு கோட்டை, வலப்பக்கம் லோகட். நான் முதல் தடவை பேச்சு சுவாரசியத்தில் இடது பக்கம் போய் அரை மணி நேரம் வீணடித்தேன்.

கோட்டைப் படிகள் நல்ல அகலம், நான்கு வாசல்கள். மழைக்காலத்தில் படிமேலேயே தண்ணீர் ஓடும். தேய்ந்த செருப்பு வேண்டாம். மேற்கே தேள் கொடுக்கு மாதிரி நீளும் பாறைமுனைதான் விஞ்சுகடா. இறங்கும் இடம் ஈரமாக இருந்தால், தனியாகப் போகிறவர் மேலிருந்தே பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம். எனக்கு அதில் வெட்கமே இல்லை.

மொழிக்குக் கவலை வேண்டாம், தாராவி இந்தியே போதும். 2025இல் யுனெஸ்கோ பட்டியலில் நம்ம செஞ்சியோடு சேர்ந்து வந்த கோட்டை இது. திரும்பும் லோக்கல் நேரத்தை மளவ்லியில் இறங்கியதுமே பார்த்து வையுங்கள்.