சாலையில் சுவர் இல்லை: சித்ர சந்தைக்கு முதல்முறை போகிறவருக்கு

கேள்வி: திண்டுக்கல்லில் பள்ளி ஓவிய ஆசிரியையாக இருக்கிறேன். பெங்களூரு சித்ர சந்தையில் இந்த முறை எனக்கு இடம் கிடைத்திருக்கிறது. திறந்தவெளியில் இதுவரை விற்றதில்லை. கேன்வாஸில் அக்ரிலிக் 18, தாளில் நீர்வண்ணம் 25 வைத்திருக்கிறேன். பெரியவை இரண்டு, 3க்கு 4 அடி. கணவர் துணைக்கு வருகிறார். ரயிலில்தான் போக முடியும். எப்படிக் கொண்டுபோவது, எதில் மாட்டுவது, வெயிலுக்கும் காற்றுக்கும் என்ன செய்வது?

பதில்: முதலில் வாழ்த்துகள். சித்ர சந்தையில் இடம் கிடைப்பது சின்ன விஷயமில்லை. 2003-இல் கர்நாடக சித்ரகலா பரிஷத் என்ற கலை அமைப்பு தொடங்கிய ஓவியச் சந்தை இது. ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குமார கிருபா சாலையில் வண்டிகளை நிறுத்திவிட்டு, அந்தச் சாலை முழுவதையும் ஓவியர்களிடம் கொடுத்துவிடுகிறார்கள். கேலரிக்குள் கால் வைக்கத் தயங்குகிற குடும்பங்கள்கூட, பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு ஓவியம் வாங்க வரும் நாள் அது. ஒரே நாள்தான். இன்று செய்த தவறை நாளை திருத்திக்கொள்ளலாம் என்ற வசதி அங்கே இல்லை. அதனால்தான் உங்கள் கேள்விக்கு விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

கண்காட்சி என்றதும் நம் மனதில் சுவரும் ஆணியும் வந்துவிடுகின்றன. சாலையில் இரண்டும் கிடையாது. மதில் ஓரம் இடம் கிடைத்தாலும் அதில் ஆணி அடிக்க முடியாது. மரத்தில் அடிக்கவே கூடாது. தார்ச்சாலையில் முளைக்குச்சியும் இறங்காது. ஆகவே நீங்கள் மூட்டை கட்ட வேண்டிய முதல் பொருள் சுவர். ஓவியங்கள் அதற்குப் பிறகுதான். மேசை, நாற்காலி, பந்தல் இவற்றில் எதைத் தருகிறார்கள் என்பதற்கு உங்கள் அனுமதிக் கடிதத்தில் எழுதியிருப்பதை மட்டும் நம்புங்கள். போன வருடம் போய்வந்த நண்பர் சொன்னதை வைத்துத் திட்டம் போட வேண்டாம். எத்தனை அடி இடம் என்பதையும் அந்தக் கடிதத்தைப் பார்த்தே முடிவுசெய்யுங்கள்.

உங்கள் சுவரின் அளவை ரயில்வே விதியே தீர்மானித்துவிடும். பயணி தன்னோடு எடுத்துச் செல்லும் பெட்டி 100 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 25 செ.மீ. உயரத்துக்குள் இருக்க வேண்டும். ஸ்லீப்பர் வகுப்பில் ஆளுக்கு 40 கிலோ வரை கட்டணமில்லை. மூன்றடுக்கு ஏ.சி. பெட்டியில் அனுமதிக்கும் நீள அகலம் இன்னும் குறையும், எனவே ஸ்லீப்பரிலேயே டிக்கெட் போடுங்கள். இந்த அளவைத் தாண்டினால் பார்சலாகப் பதிந்து, ரயிலின் சரக்குப் பெட்டியான பிரேக் வேனில் ஏற்ற வேண்டும். ஒரே நாள் சந்தைக்குப் போகிறவர் படத்தைத் தன் கண்ணிலிருந்து விலக்காமல் இருப்பதே நல்லது.

எனவே கம்பிவலைத் தட்டிகளை 3 அடிக்கு ஒன்றரை அடி அளவில் வெட்டி வாங்குங்கள். வெல்ட் மெஷ், 2 அங்குலக் கட்டம். எட்டுத் தட்டிகள் போதும். அவற்றை நிறுத்த அரை அங்குல ஜி.ஐ. பைப்பை (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) 3 அடித் துண்டுகளாக வெட்டி, முனைகளில் மரை போடச் சொல்லுங்கள். பிளம்பிங் கடையிலேயே செய்து தருவார்கள். இரண்டு துண்டுகளை ஒரு சாக்கெட்டில் திருகினால் 6 அடிக் கம்பம். இப்படி ஐந்து கம்பங்கள். கம்பங்களுக்கு நடுவே, மேலே ஒன்று கீழே ஒன்றாகத் தட்டிகளை கேபிள் டை என்ற பிளாஸ்டிக் பட்டையால் இறுக்கிவிட்டால், ஆஸ்பத்திரியில் கட்டிலை மறைத்து வைப்பார்களே, அந்த மடிப்புத் திரைபோல ஒன்று கிடைக்கும். நேர்கோட்டில் நிறுத்தாமல் வளைத்து வளைத்து, கோலத்தின் நெளிபோல நிறுத்துங்கள். அப்போதுதான் தன் காலில் நிற்கும். மொத்தம் ஏறக்குறைய 20 கிலோ வரும். இருவருக்கு 80 கிலோ அனுமதி இருப்பதால் கவலையில்லை.

ஓவியத்தை நிறுத்தும் 'ஈசல்' தாங்கியை நம்பி மட்டும் போகாதீர்கள். மூன்று கால் ஈசலை ஒரு குழந்தை இடித்தாலே சாயும். கூட்டம் தோளோடு தோள் உரசிக்கொண்டு நகரும் சாலை அது.

காற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஓவியம் மாட்டிய தட்டி, பாய்மரம்தான். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் ஒரு காற்று அடித்தால், முழுக்க மூடிய 6க்கு 4 அடிப் பரப்பை ஏறக்குறைய 10 கிலோ எடையின் விசையோடு தள்ளும். வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. இதனால்தான் துணியோ பிளைவுட்டோ வேண்டாம், கம்பிவலை போதும் என்கிறேன். படங்களுக்கு இடையே நான்கு விரல் இடம் விடுங்கள். காற்று அந்த வழியே போய்விடும். பார்க்கிறவர் கண்ணுக்கும் அந்த இடைவெளி தேவை. பின்னணிக்குக் கறுப்புத் துணி அழகாக இருக்கும் என்று யாராவது சொல்வார்கள். அழகுதான், ஆனால் அந்தத் துணி வலையின் பயனையே கெடுத்துவிடும்.

காலடியில் எடை வேண்டும். மணல் மூட்டையைத் திண்டுக்கல்லிலிருந்து சுமக்க வேண்டாம். காலியான 5 லிட்டர் தண்ணீர்க் கேன் ஐந்து எடுத்துப்போய் அங்கே நிரப்புங்கள். ஒரு கேன் 5 கிலோ. கைப்பிடியில் நைலான் கயிற்றைக் கோத்து, ஒவ்வொரு கம்பத்தின் அடியிலும் தரையோடு தரையாக இறுக்கிக் கட்டுங்கள். மேலே தொங்கவிட்டால் கேனே ஊஞ்சலாடி கம்பத்தை ஆட்டும்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு, மொட்டை மாடியில் இதையெல்லாம் ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். இதை மட்டும் தவறவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். படங்களை மாட்டி, ஒரு மாலை முழுக்க விட்டுவையுங்கள். எந்த மூலை ஆடுகிறது, எந்தக் கொக்கி கழல்கிறது என்பது மாடியில் தெரிந்துவிடும். நான் அப்படிப் பார்த்தபோதுதான் 'எஸ்' கொக்கியின் குறை புரிந்தது. காற்று படத்தைப் பின்னாலிருந்து தூக்கும்போது, சட்டத்தின் கம்பி கொக்கியிலிருந்து எழும்பி வெளியே வந்துவிடுகிறது. கொக்கியில் மாட்டிய பிறகு அதன் வாயைக் குறுக்கே கட்டுக்கம்பியால் இரண்டு சுற்றுச் சுற்றி, குறடால் ஒரு முறுக்கு முறுக்கிவிடுங்கள். விற்றதும் பிரிக்க பத்து விநாடிதான் ஆகும். மாடியில் இருவரும் சேர்ந்து கட்டிமுடிக்க எத்தனை நிமிடம் ஆனது என்றும் குறித்துக்கொள்ளுங்கள். சந்தையன்று விடியலில் அதைப்போல ஒன்றரை மடங்கு ஆகும்.

இனி பொதிவது. அக்ரிலிக் காய்ந்த பிறகும் பிளாஸ்டிக்தான், சூட்டில் இளகும். பல வருடங்களுக்கு முன் ஒரு நீலப் படத்தை பபிள் ஷீட்டில், குமிழ்ப் பக்கம் படத்தில் படும்படி சுற்றி, வெயிலில் நின்ற வண்டியில் வைத்துவிட்டேன். பிரித்துப் பார்த்தபோது வானம் முழுக்க வட்டவட்டமாகத் தடம். அதை மறுபடி தீட்டுவதைத் தவிர வழியில்லாமல் போயிற்று. படத்தின் முகத்தில் முதலில் கேக் தட்டில் விரிக்கும் ஒட்டாத சிலிகோன் தாள் வர வேண்டும். பட்டர் பேப்பர் என்று கேட்டால் கடையில் இரண்டு விதமாகத் தருவார்கள்; மெழுகு பூசியது வேண்டாம். தாளுக்கு மேல் அட்டை, அதற்கு மேல் பபிள் ஷீட், குமிழ் வெளிப்பக்கம் பார்க்க. இரண்டு கேன்வாஸை முகத்தோடு முகம் சேர்க்கவே கூடாது. நான்கு மூலைகளுக்கும் மடித்த அட்டைத் தொப்பி போடுங்கள். அடி விழுவது மூலையில்தான்.

அந்த 3க்கு 4 அடிப் படங்கள் ரயில் அளவுக்குள் வராது. ஒன்றை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். மற்றதைச் சட்டத்திலிருந்து கழற்றி, தடிமனான பி.வி.சி. பைப்பின் மேல், வண்ணப் பக்கம் வெளியே இருக்கும்படி சுருட்டுங்கள். உள்பக்கமாகச் சுருட்டினால் வண்ணப்படலம் நசுங்கும். சாலையில் அதைத் திரும்பச் சட்டத்தில் இழுத்துக் கட்ட முயலாதீர்கள். நல்ல வண்ண அச்சு ஒன்றை மாட்டி வைத்து, வாங்க விரும்புகிறவருக்கு மட்டும் அசலை விரித்துக் காட்டுங்கள்.

நீர்வண்ணங்களுக்குக் கண்ணாடி வேண்டாம். எடை கூடும், உடையும், வெயிலில் எதிரொளிக்கும். ஒவ்வொன்றையும் அட்டையில் வைத்து, தெளிவான பிளாஸ்டிக் உறையில் போட்டு, இடுப்பு உயரத்தில் ஒரு பெட்டியில் நிறுத்திவையுங்கள். மக்கள் தாங்களே புரட்டிப் பார்ப்பார்கள். புரட்டுகிற கை வாங்கும் கையாக மாறுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பெரிய படத்தை வியந்து நின்றவர், வீட்டுக்குக் கொண்டுபோவது பெரும்பாலும் இந்தப் பெட்டியிலிருந்துதான். அதனால் 25-ஐயும் எடுத்துப்போங்கள். கேன்வாஸில் பத்துப் பன்னிரண்டை மட்டும் மாட்டி, விற்க விற்க மற்றவற்றை மாட்டுங்கள்.

சனிக்கிழமை இரவு ரயிலேறி ஞாயிறு காலை இறங்கும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். வெள்ளி இரவே கிளம்புங்கள். சனிக்கிழமை மாலை குமார கிருபா சாலைக்கு வெறுங்கையோடு போய், உங்கள் இடம் எங்கே வருகிறது, ஆட்டோ எதுவரை வரும், கழிப்பறை எங்கே, தண்ணீர் எங்கே என்று நடந்து பாருங்கள். கேன்களை எங்கே நிரப்புவது என்பதும் அன்றே தெரிந்துவிட வேண்டும். ஞாயிறன்று வண்டி நிற்கும் இடத்திலிருந்து சுமையோடு நடக்க வேண்டியிருக்கும். எந்த மூட்டையும் ஒருவர் தூக்கும் எடையைத் தாண்டக் கூடாது. மடிக்கும் டிராலி ஒன்று இருந்தால் முதுகு தப்பிக்கும். அங்கே ஜனவரியில் விடிவது 6.40 வாக்கில். அதற்கு முன்பே கம்பங்கள் நிற்க வேண்டும் என்றால் தலையில் மாட்டும் விளக்கு தேவை. காலையில் பனி ஈரம் இருக்கும். வெயில் ஏறும்வரை நீர்வண்ணப் பெட்டியைத் திறக்காதீர்கள். ஈரம் பட்ட தாள் அலையலையாக நெளிந்துவிடும்.

வெயிலைப் பொறுத்தவரை ஒன்றை நினைவில் வையுங்கள்: ஜனவரியில் சூரியன் நாள் முழுக்கத் தெற்குப் பக்கமாகவே சாய்ந்து போகும். உச்சிவேளையில்கூட தலைக்கு நேர்மேலே வராது. எனவே வடக்கு பார்த்த தட்டி நிழலில் இருக்கும், தெற்கு பார்த்தது காயும். இடத்தை நாம் தேர்ந்தெடுக்க முடியாது, ஆனால் மடிப்புத் திரையின் எந்த முகத்தில் எதை மாட்டுவது என்பது நம் கையில்தான் இருக்கிறது. தெற்கு முகத்தில் கேன்வாஸை மாட்டுங்கள்; தாளில் தீட்டியவற்றை நிழல் பக்கம் வையுங்கள். மாலை 6 மணி தாண்டினால் இருட்டிவிடும். தெருவிளக்கில் உங்கள் பச்சை பச்சையாகவே தெரியாது. பேட்டரியில் எரியும் வெள்ளை எல்.இ.டி. விளக்கு இரண்டு எடுத்துப்போங்கள்.

பணத்துக்கு யு.பி.ஐ. அட்டை இரண்டு பிரதிகள், இரண்டு நிறுவனங்களின் சிம், கொஞ்சம் சில்லறை. கூட்டத்தில் நெட்வொர்க் திணறும். ஒவ்வொரு படத்தின் கீழும் அளவு, ஊடகம் (அக்ரிலிக்கா, நீர்வண்ணமா), விலை எழுதிய சீட்டு இருக்கட்டும். விலை கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் சீட்டு இல்லாவிட்டால் நகர்ந்துவிடுவார்கள். கன்னடத்தில் 'எஷ்டு?' என்றால் எவ்வளவு என்று பொருள். அன்று நூறுமுறை அது உங்கள் காதில் விழும். 'ஒரு சுற்று சுற்றிவிட்டு வருகிறேன்' என்பவரிடம் உங்கள் கடை எண் எழுதிய சீட்டைக் கொடுங்கள். அந்த நீளச் சாலையில் திரும்பி வர நினைத்தாலும் இடம் தெரியாமல் போகும். வாங்குகிறவர் மெட்ரோவிலோ ஸ்கூட்டரிலோ போவார். பழுப்புத் தாள், அட்டை, சணல் கயிற்றில் ஒரு கைப்பிடி, இவை தயாராக இருக்கட்டும். செய்தித்தாளில் மட்டும் சுற்றாதீர்கள், மை ஒட்டும்.

கடை எடுக்கும்போதுதான் பலர் படத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள். களைத்துப்போன கை, கயிற்றை முதலில் அவிழ்க்கும். ஒரு சந்தையில் எனக்கும் அப்படி ஆயிற்று: கேன்களை எடுத்துவிட்டுத் திரும்புவதற்குள், மூன்று படங்களோடு தட்டி பக்கத்துக் கடை மேல் சாய்ந்துவிட்டது. முதலில் படங்கள் எல்லாம் பெட்டிக்குள் போகட்டும். அதன்பிறகு தட்டி, அதன்பிறகு கம்பம். கேன் தண்ணீரைக் கடைசியாக, சாலையோர மரத்தடியில் ஊற்றுங்கள்.