கோட்டின்னு சொல்றவங்ககிட்ட என்ன சொல்ல? பாளையங்கோட்டை டீச்சர் கேள்வி பதில்

பாளையங்கோட்டையில 24 வருஷமா ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குச் சிறப்பாசிரியரா இருக்கேன். இன்னைக்கு மூணு மணியிலிருந்து ஆறு மணி வரைக்கும் கேளுங்க. பிள்ளையக் கோட்டி, அதாவது பைத்தியம்னு சொல்ற ஊர் வாய், சொந்தக்காரங்க வாய், பக்கத்து வீட்டு வாய், இதுகளச் சமாளிக்கிறதப் பத்தி மட்டும். மாத்திரை மருந்த டாக்டர்கிட்டக் கேளுங்க. ஒரே ஒரு நிபந்தனை. வாய்ஸ் மெசேஜ் போடுறவங்க பிள்ளை இல்லாத அறைக்குப் போய்ப் பேசுங்க. பேச்சு வராத பிள்ளைக்கும் காது நல்லாவே கேக்கும்.

வள்ளியூர் அம்மா: டீச்சர், பையனுக்கு அஞ்சு வயசு. போன வருஷம் ஆட்டிசம்னு சொன்னாங்க. "மாசமா இருக்கையில எந்நேரமும் போனும் கையுமா இருந்தா, பெத்த பிறகும் கொஞ்சி வளக்கல, அதான் இப்படி"ன்னு எங்க மாமியார் வாரவங்க போறவங்ககிட்ட எல்லாம் சொல்லுதாங்க. எங்க வீட்டுக்காரர் வாயே திறக்க மாட்டேங்காரு.

பதில்: உங்க மாமியாருக்கு முன்னாலேயே பெரிய டாக்டர்மாரே இதச் சொல்லிட்டாங்கம்மா. 1943-ல அமெரிக்காவுல லியோ கேனர் 11 பிள்ளைகளப் பத்தி ஒரு கட்டுரை எழுதினாரு. ஆட்டிசத்தப் பத்தின பேச்சே பெரும்பாலும் அதுல இருந்துதான் தொடங்குது. அதுலயே, இந்தப் பிள்ளைகளோட பெத்தவங்கள்ல பாசமான ஆளுக குறைச்சல்னு ஒரு வரி வந்துருச்சு. அந்த ஒரு வரி வளந்து, தாய் மனசு ஐஸ்பெட்டியா இருந்தா பிள்ளைக்கு ஆட்டிசம் வரும்ங்கிற அளவுக்குப் போச்சு. புரூனோ பெட்டல்ஹைம்னு ஒருத்தர் 1967-ல அத வச்சு ஒரு புஸ்தகமே போட்டாரு. எத்தனையோ தாய்மார் தலையில அந்தப் பழிய ஏத்திவிட்டாங்க. இத்தனைக்கும் மூணு வருஷம் முன்னாடியே, 1964-ல, பெர்னார்ட் ரிம்லாண்ட் இது பிறவியிலேயே மூளை சம்பந்தப்பட்டது, தாய்ப்பாசத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லன்னு எழுதியாச்சு. அவரும் ஆட்டிசம் உள்ள ஒரு பையனுக்கு அப்பாதான். இன்னைக்குத் தெரிஞ்ச வரைக்கும் பெரும்பங்கு மரபணு. நீங்க போன் பாத்ததால வரல.

ஆனா இந்தக் கதையச் சொல்லி மாமியார ஜெயிக்க முடியாது. அவங்கள என் வகுப்புக்குக் கூட்டிட்டு வாங்க.

களக்காட்டுப் பக்கம் ஒரு ஆச்சி. மருமகளக் கரிச்சுக் கொட்டுறதுல உங்க மாமியாருக்கு அக்கா. ஒரு வியாழக்கிழமை மருமகளுக்குக் காய்ச்சல், வேற ஆள் இல்லாம ஆச்சிதான் பேரனக் கூட்டிட்டு வந்தாங்க. மூடி இறுக்கமா இருக்க ஒரு டப்பாவுல முறுக்கப் போட்டு அவங்க கையில குடுத்தேன். "அவனா வந்து கேக்குற வரைக்கும் டப்பாவத் திறக்காதீங்க, வாயையும் திறக்காதீங்க, மனசுக்குள்ள பத்து எண்ணுங்க." டப்பா பரவாயில்ல, வாய்தான் கஷ்டம். நாலு எண்ணுறதுக்குள்ள, "ஏலே ராசா, முறுக்கு வேணுமாலே"ன்னு கேட்டுட்டாங்க. மூணாந்தடவதான் பத்து வரைக்கும் போச்சு. பய வந்தான், டப்பாவத் தொட்டான், ஆச்சியோட விரலப் பிடிச்சு மூடி மேல வச்சான். முகத்தப் பாக்கல. விரல விடவும் இல்ல. ஆச்சி முந்தானைய இழுத்து மூஞ்சிய மூடிக்கிட்டாங்க.

அதுக்கப்புறம் மருமகள ஏசுறத நிறுத்திட்டாங்கன்னு சொன்னா அது பொய். சாம்பாருல உப்பு, மாவு புளிச்சுப் போச்சுன்னு பழைய விஷயத்துக்கே திரும்பிட்டாங்க. பிள்ளைய வச்சு ஏசுறது நின்னுது.

வீட்டுக்காரரையும் விட்டுறாதீங்க. "உங்கம்மா பேசுறத விட, அப்ப நீங்க எந்திரிச்சு வெளிய போறதுதான் வலிக்கு"ன்னு ஒரு தடவ சொல்லிப் பாருங்க.

தச்சநல்லூர் அப்பா: தடுப்பூசியால வருதுன்னு என் சகலை சொல்றாரு.

பதில்: வரல. அப்படி ஒரு சம்பந்தம் இருக்கும்னு 1998-ல ஆண்ட்ரூ வேக்ஃபீல்டுங்கிற டாக்டர் எழுதின கட்டுரைய, அதப் போட்ட லான்செட் மருத்துவப் பத்திரிகையே 2010-ல தள்ளுபடி பண்ணிருச்சு. அதே வருஷம் அவரோட டாக்டர் பதிவையும் பறிச்சாச்சு. சகலை சொன்னாருன்னு சின்னப் பிள்ளைக்கு ஊசி போடாம விட்டுறாதீங்க.

சங்கரன்கோவில் அம்மா: மூணரை வயசு. எப்ப பேசுவான்?

பதில்: தேதி சொல்றவங்கள நம்பாதீங்கம்மா, நான் சொன்னாலும் சேத்துத்தான். பேச்சு வரட்டும்னு காத்திருக்காம, அவனுக்கு வேணுங்கிறதக் கேக்க இப்பவே ஒரு வழி குடுங்க. படத்தக் காட்டலாம், சைகை பண்ணலாம். அதப் பழக்கினா பேச்சு வராமப் போயிரும்னு சொல்றது தப்பு. யாராவது கேட்டா "இன்னும் பேசல"ன்னு தலையக் குனியாதீங்க. "படத்தக் காட்டிக் கேப்பான்"னு சொல்லுங்க.

அம்பாசமுத்திரம் அம்மா: அடுத்த மாசம் எங்க தெரு அம்மன் கோயில் கொடை. கூட்டிட்டுப் போனா கத்துவான், கீழ விழுந்து புரளுவான். போகலைன்னா "பிள்ளைய ஒளிச்சு வச்சிருக்கா"ன்னு பேசுவாங்க. மதினிமாரே பேசுவாங்க.

பதில்: செவ்வாய்க்கிழமை கொடைன்னா திங்கள் காலையிலேயே ஒரு நடை கூட்டிட்டுப் போங்க. பந்தல் போடுறது, குழாய் ஸ்பீக்கர் கட்டுறது எல்லாம் சத்தம் வாரதுக்கு முன்னாடி பாத்துக்கிடட்டும். கொடையன்னைக்கு வில்லுப்பாட்டு நடக்கும்போது போனாப் போதும். மதியக்கொடை, சாமக்கொடைக்கு வேண்டாம். நையாண்டி மேளமும் வெடியும் சேந்தா நமக்கே நெஞ்சு அதிரும், அவனுக்கு அது காதுக்குள்ள அடிக்க மாதிரி. ரோட்டுல டிரில்லிங் வேலை செய்றவங்க போடுற காதுமூடி ஒண்ணு வாங்கி, ஒரு வாரம் வீட்டுலயே போட்டுப் பழக்குங்க. திரும்பி வர வண்டிய எங்க நிப்பாட்டணும்னு முன்னாலேயே முடிவு பண்ணிக்கோங்க. கால்மணி நேரம் இருந்தாலும் நீங்க கொடைக்குப் போயாச்சு.

இன்னொண்ணு. மூணு வரி தயார் பண்ணிக்கோங்க. என்கிட்ட வார ஒரு தாய் ஜங்ஷன்ல இருந்து பாபநாசம் பஸ்ல போனா. டிரைவர் ஹாரன் அடிச்சதும் பய காதப் பொத்திக்கிட்டுக் கத்துனான். பின் சீட்டு அம்மா, "பிள்ள வளத்த லட்சணத்தப் பாரு"ன்னு சொல்லியிருக்காங்க. இவ திரும்பி, "அவனுக்கு ஆட்டிசம். சத்தம் தாங்காது. ரெண்டு நிமிஷத்துல சரியாயிருவான்"னு சொல்லிட்டு மறுபடி பிள்ளை பக்கம் திரும்பிக்கிட்டா. அந்த அம்மா என்ன முகம் காட்டினாங்கன்னு நான் கேட்டேன். "பாக்கலையே டீச்சர்"னா. இந்த மூணு வரிய அவ கண்ணாடி முன்னாடி நின்னு பழகினது எனக்குத் தெரியும். முதல் நாள் ரெண்டாவது வரியிலேயே அழுதுட்டா.

வண்ணார்பேட்டை தாத்தா: டீச்சர், நானும் இங்க எல்லாத்தையும் படிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். நம்ம பக்கத்துல கோட்டின்னா அது பாசம்லா? எம் பேரன "ஏலே கோட்டி"ன்னுதான் கூப்பிடுதேன். எங்க ஐயா என்னைய அப்படித்தான் கூப்பிட்டாரு. மருமக மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கா.

மேலப்பாளையம் உம்மா: அண்ணாச்சி, உங்களக் கூப்பிட்டப்ப நீங்க கோட்டி இல்லைன்னு தெருவுக்கே தெரியும். எம் மவளச் சொல்லும்போது தெரு நெசம்னு நெனச்சுச் சிரிக்கி.

நாங்குநேரி அப்பா: அதுக்குத்தான் தெய்வக் குழந்தைன்னு சொல்லணும். நாங்க வீட்டுல அப்படித்தான் சொல்றோம்.

மேலப்பாளையம் உம்மா: பக்கத்து வீட்டுல எம் மவள அல்லாவோட பிள்ளைம்பாங்க. அவங்க பிள்ளை கூட விளையாட மட்டும் விட மாட்டாங்க.

தச்சநல்லூர் அப்பா: பொது இடத்துல கோட்டின்னு சொன்னா கேஸ் போடலாம்ல டீச்சர்?

பதில்: ஒவ்வொருத்தரா வாங்க.

தாத்தா, மேலப்பாளையத்து அம்மா சொன்னதுக்கு மேல நான் சொல்ல ஒண்ணும் இல்ல. நானும் தாமிரபரணித் தண்ணி குடிச்சு வளந்தவதான், என் தம்பியக் கோட்டின்னு கூப்பிட்டுத்தான் வளத்தேன். அவன் ரயில்வேயில வேலை பாக்கான், சிரிச்சுக்கிட்டுத் திருப்பி ஏசுவான். உங்க பேரனால திருப்பி ஏச முடியுமா?

நாங்குநேரி அண்ணாச்சி, நீங்க மனசார சொல்றீங்க, தெரியும். ஆனா தெய்வத்துக்குப் பள்ளிக்கூடம் வேண்டாம், கக்கூஸ் பழக்க வேண்டாம், கூட்டாளி வேண்டாம். படையல் போட்டு மூலையில உக்கார வச்சிரலாம். ஏப்ரல் 2 உலக ஆட்டிச விழிப்புணர்வு நாளுக்கு ஒரு பள்ளிக்கூடத்துல என்னையப் பேசக் கூப்பிட்டாங்க. வாசல்ல தெய்வக் குழந்தைகள்னு பெருசா பேனர், எனக்குச் சால்வை. ஜூன் மாசம் அதே பள்ளிக்கூடத்துக்கு என் மாணவன் ஒருத்தனச் சேக்கக் கூட்டிட்டுப் போனேன். "மத்த பெற்றோர் ஆட்சேபிப்பாங்க டீச்சர்"னு சொல்லிட்டாங்க. பேனர் மடிச்சு ஆபீஸ் பீரோ மேலதான் கிடந்துச்சு.

கேஸ் விஷயம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 92-ஆம் பிரிவுல, நாலு பேர் பாக்குற இடத்துல வேணும்னே அவமானப்படுத்தினா 6 மாசத்துல இருந்து 5 வருஷம் வரைக்கும் ஜெயில்னு இருக்கு. இருக்குன்னு தெரிஞ்சு வச்சுக்கோங்க. சித்தப்பா மேலயும் எதிர்வீட்டுக்காரர் மேலயும் முதல் நாளே அத எடுக்காதீங்க.

வண்ணார்பேட்டை தாத்தா: எனக்கு 71 வயசு. நாக்கு திரும்பாது டீச்சர்.

பதில்: சரி, வீட்டுக்குள்ள வச்சுக்கோங்க. தெருவுல, கடையில வேண்டாம். வீட்டுக்குள்ளங்கிறதுக்கே எனக்கு அரை மனசுதான்.

பேட்டை அம்மா: தமிழ்ல இதுக்கு என்ன சொல்லணும்?

பதில்: மதியிறுக்கம்னு எழுதுதாங்க. நான் ஆட்டிசம்னே சொல்லுவேன். இறுக்கம்னு சொன்னா ஆச்சிமார் எண்ணெய் தேச்சு இளக்கிரலாம்னு கிளம்பிருதாங்க.

நாங்குநேரி அப்பா: எங்க பிள்ளைக்கும் பள்ளிக்கூடத்துல டி.சி. வாங்கிட்டுப் போங்கன்னு சொல்லுதாங்க.

பதில்: வாய்ல சொன்னா வாங்காதீங்க. காரணத்த எழுத்துல கேளுங்க, பாதிப் பேர் அங்கேயே பின்வாங்கிருவாங்க. அதே 2016 சட்டத்துல ஆட்டிசமும் உண்டு. பாகுபாடு காட்டாமச் சேக்கணும்னு 16-ஆம் பிரிவு. பாதிப்பு 40 சதவீதமும் அதுக்கு மேலயும் உள்ள பிள்ளைக்கு 6 வயசுல இருந்து 18 வரைக்கும் இலவசக் கல்வின்னு 31-ஆம் பிரிவு. அப்படியும் கேக்கலைன்னா கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ்ல மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல மனு குடுங்க. மனு குடுத்ததுக்கு ரசீது வாங்காம படி இறங்காதீங்க.

கடையநல்லூர் அம்மா: எப்ப பேசுவா டீச்சர்? நாலு வயசு.

பதில்: சங்கரன்கோவில் அம்மாவுக்குச் சொன்னதப் பாருங்க.

மகாராஜநகர் அப்பா: மாற்றுத்திறனாளி அடையாள அட்டை எடுத்தா முத்திரை குத்துன மாதிரி ஆயிராதா? நாளைக்கு வேற ஊருக்குப் போனாலும் கூடவே வருமே.

பதில்: ஆட்டிசமும் கூடவேதான் வரும் சார். அட்டை உங்க பீரோவுலதான் இருக்கும், தேவைப்பட்டா எடுத்துக் காட்டப் போறீங்க. அது இல்லாம சலுகை, உதவித்தொகைன்னு எதுக்குப் போனாலும் அலையணும். 18 வயசுக்கப்புறம் கையெழுத்து யார் போடுறதுன்னு வரும்போது 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டத்துல பாதுகாவலர் நியமனம் இருக்கு, கலெக்டர் தலைமையில ஒரு குழு அதப் பாக்கும். அன்னைக்கும் இந்தக் காகிதங்கதான் வேணும்.

கல்லிடைக்குறிச்சி அம்மா: மூத்த மகளுக்கு வரன் பாக்கோம். தம்பிக்கு ஆட்டிசம்னு மாப்பிள்ளை வீட்டுல சொல்லணுமா? அவனச் சித்தி வீட்டுல விட்டுட்டுப் பெண் பாக்கச் சொல்லலாம்னு இவங்க சொல்லுதாங்க.

பதில்: சொல்லுங்க, பெண் பாக்க வாரதுக்கு முன்னாடியே. மறைச்சு நடந்த கல்யாணத்துல அந்தப் பிள்ளை காலம் பூரா தம்பிய மறைச்சே வாழணும். தம்பி அவனோட வீட்டுலதான் இருக்கணும், சட்டை போட்டு, தலை சீவி. கேக்குற முதல் கேள்வி, "நாளைக்கு இவ பிள்ளைக்கும் வருமா?" ஒரு பிள்ளைக்கு ஆட்டிசம் இருந்தா அடுத்து அதே தாய்க்குப் பிறக்குற பிள்ளைக்கு வர்ற வாய்ப்பு ஏறக்குறைய அஞ்சுல ஒண்ணு. அந்தக் கணக்கு கூடப்பிறந்ததுக்கு, அக்கா பெத்த பிள்ளைக்கு இல்ல. சந்தேகம் இருந்தா மரபணு டாக்டர்கிட்ட ரெண்டு குடும்பமும் சேந்தே போங்க.

பெருமாள்புரம் அப்பா: ஸ்டெம் செல் போட்டா முழுசா குணமாகும்னு...

பதில்: எந்திரிச்சு வந்திருங்க. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோட (ஐ.சி.எம்.ஆர்.) 2017 வழிகாட்டுதல் ரத்த நோய் மாதிரி சிலதுக்குத்தான் அத ஒத்துக்கிடுது. மத்ததெல்லாம் அனுமதி வாங்கின ஆராய்ச்சியா நடக்கணும், அதுக்கு உங்ககிட்ட காசு கேக்கக் கூடாது. ஊர் வாய்க்குப் பயந்துதான் சார் பெத்தவங்க நகைய விக்காங்க.

மானூர் அம்மா: குலதெய்வக் கோயில் சாமியாடி, அஞ்சு தலைமுறைச் சாபம், நாப்பத்தெட்டு நாள் ஒரு இடத்துல கட்டிப் போட்டா இறங்கும்ங்காரு. மாமனார் கிளம்பிட்டாரு.

பதில்: கும்பிடுங்க, திருநீறு பூசுங்க, பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தாவப் போய்ப் பாருங்க. எனக்கும் சாமி உண்டு. கட்டிப் போட மட்டும் விடாதீங்க. 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி. நம்ம நாங்குநேரிப் பக்கத்து ஏர்வாடி இல்ல, ராமநாதபுரம் ஏர்வாடி. மனநலம் சரியில்லாதவங்களச் சங்கிலியில கட்டி வச்சிருந்த கொட்டகையில தீப்பிடிச்சு 28 பேர் செத்தாங்க. 2017 மனநலச் சட்டமும் சங்கிலி போடக் கூடாதுன்னு சொல்லுது. மாமனார்கிட்டப் பேசணும்னா இன்னைக்கு ராத்திரி எட்டு மணிக்கு மேல எனக்குப் போன் போட்டு அவர்கிட்டக் குடுங்க. நாளைக்குன்னு வைக்காதீங்க.

தென்காசி அம்மா: மகளுக்குப் பன்னெண்டு வயசு. பெரியவளாகப் போறா. சடங்கு வைக்கலாமா, நாப்கின் எப்படிப் பழக்க?

பதில்: அது ஒரு நாள் வகுப்பும்மா, ரெண்டு வரியில சொன்னா தப்பாப் போகும். உங்களுக்கு ஆய்க்குடி பக்கம்தான, அங்க மாற்றுத்திறனாளிகளுக்காக நடத்துற அமர் சேவா சங்கத்துல கேட்டுப் பாருங்க.

கடையம் அப்பா: பையன் பக்கத்துலதான் இருக்கான், அவனுக்கு ஒண்ணும் புரியாது, அதனால இங்கேயே கேக்கேன். இவன் எப்பதான்...

பதில்: முதல்ல எந்திரிச்சு அடுத்த அறைக்குப் போங்க அண்ணாச்சி. மேல என்ன எழுதியிருக்கேன்?

மூலைக்கரைப்பட்டி அம்மா: எப்ப பேசுவான்?

பதில்: ...

ஆறாச்சு, எனக்குப் பஸ்.

வள்ளியூர் அம்மா: டீச்சர், ஒரு நிமிஷம். முறுக்குக் கதைய அத்தைக்கு வாசிச்சுக் காட்டினேன். வாரேன்னு சொல்லல. வியாழக்கிழமை எத்தனை மணிக்குன்னு கேக்காங்க.

பதில்: பத்தரை. முறுக்கு அவங்களே சுட்டுக் கொண்டு வரட்டும். டப்பா மூடி மட்டும் இறுக்கமா இருக்கணும்.