கீமோ நாட்களில் பொறுத்துக்கொள்ள வேண்டாம், போன் செய்யுங்கள்

தம்பி, இங்கிலாந்தில் நாட்டிங்ஹாமுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, அதற்குள் மனைவிக்கு மார்பகப் புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்கள், அடுத்த வாரம் முதல் கீமோ, கூட இருந்து பார்த்துக்கொள்ள அம்மாவோ அத்தையோ பக்கத்தில் இல்லை, பேசாமல் ஊருக்கே போய்விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எழுதியிருக்கும் எபிரூபிசின், டோசிடாக்செல் என்ற கீமோ மருந்துகளைத்தான் எனக்கும் கொடுத்தார்கள். நான் இங்கிலாந்தில் நிலைகொண்டு வெகுகாலம் ஆன பிறகு வந்த நோய் அது. அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஊருக்குப் போவது தவறான யோசனை இல்லை. அடையாறிலும் வேலூரிலும் நல்ல சிகிச்சை இருக்கிறது. ஆனால் இங்கே பரிசோதனை முடிந்து, மருந்து முடிவாகி, தேதியும் கொடுத்துவிட்டார்கள். அங்கே போனால் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும், வாரங்கள் போய்விடும். விசாவோடு சேர்த்து நீங்கள் கட்டிய மருத்துவக் கட்டணத்தில் இந்தச் சிகிச்சை அடங்கும், தனியாக பில் வராது. என்னைக் கேட்டால் இருங்கள் என்றுதான் சொல்வேன்.

அதற்கு முன் ஒன்று, இது நாளைக்கே செய்ய வேண்டியது. இன்னும் குழந்தை வேண்டும் என்ற எண்ணம் இருவருக்கும் துளியாவது இருந்தால், முதல் கீமோவுக்கு முன்பே உங்கள் மார்பகப் பராமரிப்பு நர்ஸிடம் சொல்லுங்கள். இந்த மருந்துகள் கருமுட்டைகளைப் பாதிக்கலாம். முட்டையையோ கருவையோ உறைய வைத்துச் சேமிக்க வழி உண்டு, சினைப்பையைக் காக்க ஊசியும் உண்டு. எல்லாமே கீமோவுக்கு முன் தொடங்க வேண்டியவை. பெரியவர்கள் கேட்காமல் விட்டாலும், டாக்டர் அவசரத்தில் சொல்லாமல் விட்டாலும், நீங்கள் கேளுங்கள்.

சரி, பக்க விளைவுகளுக்கு வருகிறேன். இங்கே கீமோவுக்குப் பெரும்பாலும் வார்டில் படுக்க வைக்க மாட்டார்கள். காலையில் போனால் நாற்காலியில் உட்கார வைத்து டிரிப் ஏற்றி, மருந்துப் பையைக் கையில் கொடுத்து, மாலைக்குள் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அடுத்த சுற்று வரை மூன்று வாரம் உடம்பைக் கவனிப்பது உங்கள் பொறுப்பு. அதற்காகத்தான் இருபத்து நான்கு மணி நேரமும் எடுக்கும் ஒரு போன் எண்ணோடு ஒரு அட்டை தருவார்கள். நம் ஆட்கள் அதைப் பையில் வைத்துக்கொண்டு, "விடியட்டும், ராத்திரியில் எதற்குத் தொந்தரவு" என்று பொறுத்துக்கொள்கிறார்கள். இதில்தான் உயிராபத்து இருக்கிறது.

காரணம் இதுதான். ஒவ்வொரு முறை கீமோ ஏற்றிய பிறகும் சுமார் ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். அப்போது ஒரு சின்னக் கிருமி உள்ளே போனாலும் சில மணி நேரத்தில் ரத்தம் முழுக்கப் பரவலாம். அதனால் நல்ல டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று இன்றைக்கே வாங்குங்கள். அட்டையில் போட்டிருக்கும் அளவைத் தாண்டினால், சில இடங்களில் 37.5, சில இடங்களில் 38, உடனே போன். 36-க்குக் கீழே போனாலும், காய்ச்சலே இல்லாமல் குளிர் நடுக்கம் வந்தாலும் போன்தான். பாராசிட்டமால் போடுவதற்கு முன் கட்டாயம் காய்ச்சல் பாருங்கள், மாத்திரை அதை மறைத்துவிடும். எனக்கு நடுராத்திரியில் நடுக்கம் வந்தபோது, எடுத்த நர்ஸ் இரண்டே கேள்வி கேட்டுவிட்டு உடனே கிளம்பி வரச் சொன்னார். ஏ அண்ட் இ என்ற அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போனால் வரிசையில் நின்று "காய்ச்சல்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அட்டையைக் காட்டி, "கீமோ நோயாளி, காய்ச்சல்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற்ற வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

கீமோவுக்கு மறுநாள் சிறுநீர் சிவப்பாகப் போனால் பயப்படாதீர்கள், அது எபிரூபிசினின் நிறம். ஓரிரு நாளில் சரியாகிவிடும்.

குமட்டலுக்கு மாத்திரைகள் தருவார்கள். குமட்டல் வந்த பிறகு தேடுவதல்ல, சொன்ன நேரத்துக்குப் போட வேண்டியவை. ஒரு மாத்திரை கேட்கவில்லை என்றால் வேறு இருக்கிறது, அதற்கும் போன் செய்யலாம். ஸ்டீராய்டு மாத்திரையை மதியத்துக்குள் போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் இரவெல்லாம் தூக்கம் வராது. அதை நிறுத்திய பிறகு வரும் நாட்களில் காரணமில்லாமல் அழுகை வரலாம். அந்த நேரத்தில் புத்திமதி சொல்லாமல் பக்கத்தில் இருங்கள். குமட்டலுக்குத் தரும் ஒன்டான்செட்ரான் மாத்திரை மலச்சிக்கலைக் கொண்டுவரும். தங்கச்சி கூச்சப்பட்டு இதைச் சொல்ல மாட்டார், நீங்களாகக் கேளுங்கள். அதற்கு ஒரு பவுடர் எழுதித் தருவார்கள்.

சமையல் விஷயம். குளிர்காலத்தில் ஜன்னலெல்லாம் மூடியிருக்கும் வீட்டில் வெங்காயம் வதக்கினாலோ தாளித்தாலோ அந்த வாசனையே வாந்தியைக் கிளப்பும். நல்ல நாட்களில் சமைத்து ஃப்ரீசரில் வையுங்கள், அல்லது அவர் மாடியில் இருக்கும்போது கதவைச் சாத்திவிட்டுச் சமையுங்கள். ஆறிய உணவில் வாசனை குறைவு. இட்லி, கஞ்சி, காரமில்லாத ரசம் சாதம், பிஸ்கட், எது இறங்குகிறதோ அது, கொஞ்சம் கொஞ்சமாக. கீமோ அன்று அவருக்கு மிகவும் பிடித்ததைச் செய்து கொடுக்காதீர்கள், அந்தக் குமட்டலோடு சேர்ந்து அது காலத்துக்கும் வெறுத்துப்போகும். எனக்கு இன்றுவரை எலுமிச்சை சாதம் அப்படித்தான். நாக்கில் இரும்புச் சுவை அடித்தால் பிளாஸ்டிக் ஸ்பூன் கொடுங்கள். வாய்ப்புண்ணுக்கு மென்மையான பிரஷ், சாப்பிட்ட பிறகு உப்புத் தண்ணீர்க் கொப்பளிப்பு. நாக்கில் வெள்ளையாகப் படிந்தால் அது பூஞ்சையாக இருக்கலாம், மருந்து வேண்டும்.

வெள்ளை அணுவைக் கூட்ட வயிற்றில் போட்டுக்கொள்ளும் ஊசி தந்தால் ஃபிரிட்ஜில் வையுங்கள். இடுப்பிலும் முதுகிலும் எலும்பு வலிக்கும், அது ஊசி வேலை செய்வதன் வலி. டோசிடாக்செல் தொடங்கிய பிறகு விரல் நுனி மரத்துப்போனாலோ, சட்டைப் பட்டன் போடச் சிரமமானாலோ அடுத்த டோஸுக்கு முன் சொல்லியே ஆக வேண்டும். மருந்தின் அளவைக் குறைக்க அவர்களால் முடியும், சொல்லாவிட்டால் நரம்புப் பாதிப்பு நிலைத்துவிடலாம்.

முடி பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் கொட்டத் தொடங்கும். நம் பெண்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது இங்குள்ளவர்களுக்கு முழுதாகப் புரியாது, உங்களுக்குப் புரிய வேண்டும். தலையைக் குளிரவைக்கும் தொப்பி உங்கள் மருத்துவமனையில் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள், மருந்து ஏற்றுவதற்கு முன்பே அதைப் போட வேண்டும். எல்லோருக்கும் பலிப்பதில்லை, ஆனாலும் முயலலாம். மொட்டையாகிவிட்டால் இந்த ஊர்க் குளிரில் இரவிலும் பருத்தித் தொப்பி தேவைப்படும்.

இதற்குள் உறவுக்காரர்கள் வாட்ஸ்அப்பில் சீந்தில், பப்பாளி இலைச் சாறு, மஞ்சள் மாத்திரை, முள்சீத்தா என்று அனுப்பத் தொடங்கியிருப்பார்கள். அன்பால் அனுப்புகிறார்கள், கோபப்பட வேண்டாம். ஆனால் எதையும் கொடுக்காதீர்கள். இந்த மருந்துகளைக் கல்லீரல்தான் கையாள்கிறது. சீந்தில் சாப்பிட்டவர்களுக்குக் கல்லீரல் பாதித்ததை இந்திய மருத்துவர்களே பதிவு செய்திருக்கிறார்கள். குழம்பில் போடும் மஞ்சளுக்குத் தடையில்லை.

டாக்டரைப் பார்க்கும்போது தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்பே கேளுங்கள், இலவசம். உங்களுக்கு ஆங்கிலம் நன்றாக வரலாம். ஆனாலும் கணவர் வழியாகச் சொல்ல முடியாதவை ஒரு பெண்ணுக்கு இருக்கும். ஜிபியிடம், அதாவது உங்கள் குடும்ப மருத்துவரிடம், எஃப்பி92ஏ என்ற கட்டண விலக்குப் படிவம் வாங்கி அனுப்பினால் ஐந்து வருடத்துக்கு மருந்துச் சீட்டுக் கட்டணம் இல்லை. உங்கள் விசாவில் அரசு உதவித்தொகைகளுக்கு விண்ணப்பிக்கக் கூடாது என்று இருக்கும், யார் சொன்னாலும் விசாரிக்காமல் விண்ணப்பிக்காதீர்கள். என்எச்எஸ் என்ற அரசு மருத்துவச் சேவையின் சிகிச்சை அந்தத் தடையில் வராது. வேலையில், 2024 ஏப்ரல் முதல், நோயாளியைப் பராமரிக்க வருடத்துக்கு ஒரு வாரம் சம்பளமில்லா விடுப்பு கேட்க உங்களுக்கு முதல் நாளிலிருந்தே உரிமை உண்டு. அதை மொத்தமாக எடுக்காமல் கீமோ நாட்களுக்குப் பிரித்து எடுங்கள். அம்மாவை விசிட்டர் விசாவில் அழைக்க நினைத்தால் மருத்துவமனையில் ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள்.

உங்கள் ஊர் சிட்டி மருத்துவமனை வளாகத்திலேயே மேகிஸ் என்ற புற்றுநோய் ஆதரவு மையம் இருக்கிறது. முன்பதிவு வேண்டாம், பணம் வேண்டாம், நேரே உள்ளே போகலாம். அங்கே நோயாளியோடு வருபவர்களிடமும் உட்கார்ந்து பேசுவார்கள். அவர் டிரிப்பில் இருக்கும் நேரத்தில் நீங்கள் ஒருமுறை போய் வாருங்கள். முதல் சுற்று எப்படிப் போனது என்று எழுதுங்கள் தம்பி, எந்த நேரமானாலும் பதில் போடுகிறேன். காய்ச்சல் என்றால் மட்டும் எனக்கு எழுதாதீர்கள், அட்டையில் இருக்கும் எண்ணுக்கு அடியுங்கள்.