பூட்டிய வீட்டில் நின்ற காரும் ஹேண்ட்பிரேக்கும்

கேள்வி: படைப்புக்காக (முன்னோருக்குப் படையலிடும் குடும்ப வழிபாடு) சென்னையிலிருந்து ஊருக்கு வந்து, மழைக்காலம் முழுவதும் கொட்டகையில் ஹேண்ட்பிரேக் போட்டபடி நின்ற காரை எடுத்தபோது, அது 'டக்' என்ற சத்தத்துடன்தான் நகர்ந்தது. அதன்பின் பிரேக் பிடித்தால் பின்பக்கம் அதிர்கிறது. ஹேண்ட்பிரேக்கை முழுவதும் இழுத்தாலும் கண்மாய்க்கரை ஏற்றத்தில் வண்டி நிற்பதில்லை. பின் டிஸ்க்குக்குள் ஹேண்ட்பிரேக்குக்கெனத் தனி ஷூ (உள்ளிருந்து விரிந்து அழுத்திப் பிடிக்கும் பிரேக் கட்டை) உள்ள வண்டி. வீட்டிலேயே சரிசெய்யலாமா?
– வாசகர், கண்டனூர்

பதில்: ஸ்பேனர் பிடித்துப் பழகியவரென்றால் தாராளமாகச் செய்யலாம், ஆனால் கேபிளை முறுக்குவதில் தொடங்கிவிடாதீர்கள். தாங்கள் கேட்ட அந்தச் சத்தம்தான் எனக்குக் கவலை தருகிறது. ஈரத்தில் துருவேறி டிஸ்க்கின் உட்புறத்தோடு ஒட்டிக்கொண்ட ஷூ, வண்டி இழுக்கும்போது பிய்த்துக்கொண்டு வருகையில், அதன் லைனிங் (உராய்ந்து பிடிக்கும் பட்டை) தகட்டிலிருந்து கழன்றுவிடுவது உண்டு. கழன்றிருந்தால் எவ்வளவு முறுக்கினாலும் பிடிப்பு வராது என்பதால், முதலில் ஷூவைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

ஆத்தங்குடி டைல்ஸ் பதித்த இடத்தில் இந்த வேலை வேண்டாம். ஜாக்கியின் பாரம் அதை உடைத்துவிடும். கெட்டியான சிமென்ட் தரையில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கை இறக்கியாக வேண்டியிருப்பதால் முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வைத்து, தூக்கியபின் ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு கொடுங்கள். டிஸ்க்கை இருபுறமும் பேடுகளால் கவ்வும் காலிப்பரைக் கழற்றி, அதன் ஹோஸில் பாரம் விழாதபடி கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள். டிஸ்க் வர மறுத்தால் சம்மட்டியைத் தேடாமல், டிஸ்க்கிலோ அதன் பின்தகட்டிலோ உள்ள துளை வழியே, ஷூவை விரிக்கவும் சுருக்கவும் உதவும் பல்சக்கரத்தைத் திருப்பி உள்ளேயிருக்கும் ஷூவைச் சுருக்குங்கள்.

அடுத்து அதிர்வு. டிஸ்க்கில் பேட் படிந்திருந்த இடத்தில் துரு குழியாக அரித்திருந்தாலோ, டிஸ்க்கில் பொறித்துள்ள குறைந்தபட்சத் தடிமனுக்குக் கீழே தேய்ந்திருந்தாலோ, இரண்டு பக்கமும் பேடுகளோடு சேர்த்தே மாற்ற வேண்டும். புது டிஸ்க் உட்காரும் ஹப்பின் (சக்கரத்தைத் தாங்கும் மையப் பாகம்) முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் உலோகம் தெரியுமளவு தேய்க்காமல் விடாதீர்கள்; அங்கே ஒட்டியிருக்கும் சிறு துருச்செதிலே டிஸ்க்கைக் கோணலாக ஓடவைத்து, செலவழித்த பின்னும் அதே அதிர்வைக் கொண்டுவந்துவிடும். டிஸ்க்கின் மேலுள்ள எண்ணெயைப் பிரேக் கிளீனரால் துடைத்தபின் பூட்டுங்கள்.

இனி ஹேண்ட்பிரேக். கேபிளைத் தளர்த்திவிட்டு, கையால் சுழற்ற முடியாதபடி ஷூ பிடிக்கும் வரை பல்சக்கரத்தைத் திருப்பி, பின்பு கையேடு சொல்லும் அளவுக்குப் பின்வாங்குங்கள். டிஸ்க் தடையின்றிச் சுழல வேண்டும். இரண்டு சக்கரத்துக்கும் இது முடிந்த பிறகே லீவரருகே கேபிள் நட்டை முறுக்கி, கையேட்டிலுள்ள 'கிளிக்' எண்ணிக்கைக்குள் இரு சக்கரங்களும் ஒருசேரப் பிடிக்கின்றனவா, இறக்கியதும் விடுபடுகின்றனவா என்று பாருங்கள். ஷூவிலுள்ள இடைவெளியைக் கேபிளால் மறைத்தால், லீவர் மட்டும் சரியாகத் தோன்றும். ஏற்றத்தில் நம்ப முடியாது.

வண்டியை நகர்த்தும் முன் பெடல் கெட்டியாகும் வரை மிதித்து, பிரேக் ஆயிலின் அளவையும் பாருங்கள்.

கேள்வி: பின்பக்கம் டிஸ்க்குக்குப் பதில் டிரம் பிரேக் உள்ள காருக்கும் இதே முறைதானா?
– வாசகர், தேவகோட்டை

பதில்: வரிசை அதேதான்: முதலில் ஷூ, கடைசியில் கேபிள். கால் பிரேக்குக்கும் கைபிரேக்குக்கும் அங்கே ஒரே ஷூ என்பதால் லைனிங் தேய்மானத்தைக் கட்டாயம் பாருங்கள். வீட்டைப் பூட்டிச் செல்லும்போது சமதளத்தில் ஹேண்ட்பிரேக் போடாமல், முதல் கியரில் விட்டு, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிடுங்கள்.