நுகத்தடியில் கருப்புத் தடிப்புகள்

கேள்வி: தொழுவத்துக்கு வெளியே பல ஆண்டுகளாகக் கிடக்கும் பழைய நுகத்தடி, சாம்பல் நிறமாக வெளுத்துவிட்டது. அதன்மேல் அரிசியைவிடச் சிறிய கருப்புத் தடிப்புகள் முளைத்திருக்கின்றன; ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கீறல் உள்ளது. இதுவும் கல்பாசி வகைதான் என்கிறார் என் மாமியார். அப்படித்தானா? மரம் கெட்டுவிடுமா?
– வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்: சாம்பல் நிறத்துக்கும் தடிப்புகளுக்கும் தொடர்பில்லை. மர நார்களைப் பிணைக்கும் லிக்னின் என்ற பொருளை வெயில் சிதைக்க, மழை அதைக் கழுவிக்கொண்டு போக, எஞ்சிய நார் வெளுத்துத் தெரிகிறது.

மளிகைக் கடைக் கல்பாசி இலைபோல் மடிந்திருக்கும் லைக்கன். அதாவது, பூஞ்சையும் பாசியும் இணைந்து வாழும் உயிர். ஆகவே, உங்கள் தடிப்புகளோடு பாசி உண்டா என்பதே கேள்வி. மேலோட்டமாகப் பார்த்து இதைத் தீர்மானிக்க இயலாது. கிராபிஸ் என்னும் லைக்கனும் இதேபோல் கருங்கோடுகளைத் தோற்றுவிக்கும், வேறு சில லைக்கன்களின் உடலோ மரத்துக்குள்ளேயே மறைந்திருக்கும். சவர பிளேடால் ஒரு தடிப்பை அடிமரத்தோடு மெல்லியதாகச் சீவி, பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடியில் பாருங்கள். அடியில் பச்சை அடுக்கு தெரிந்தால் லைக்கன் என்று கருதலாம். ஆரஞ்சு நிறம் தெரிந்தாலும் ஒதுக்கிவிடாதீர்கள். நம்மைப் போன்ற வெப்ப நாடுகளின் லைக்கன்கள் பலவற்றில் வாழும் டிரென்டிபோலியா என்ற பாசிக்கு அந்நிறமே இயல்பு.

இரண்டும் இல்லையெனில், அது பெரும்பாலும் தனிப் பூஞ்சை. இப்போது தடிப்பின்மேல் சில சொட்டு நீர் விட்டுச் சற்று நேரம் பொறுங்கள். கீறலின் இரு உதடுகளும் விரிந்து, உள்ளே செம்பழுப்புத் தட்டு வெளிப்பட்டு, உதடுகளின் விளிம்பில் குறுக்கு வரிகளும் காணப்பட்டால், ரிட்டிடிஸ்டிரான் என்னும் பூஞ்சை என்று நம்பிச் சொல்லலாம்; காய்ந்ததும் அது மறுபடி மூடிக்கொள்ளும் அழகை அவசியம் பாருங்கள். நனைந்தும் அகலத் திறக்காமல், கரிபோல் நொறுங்குவதாகவும் நீளவாக்கில் வரியோடியதாகவும் இருந்தால், ஹிஸ்டிரியம் என்னும் பூஞ்சை அல்லது அதன் உறவினம். அவற்றைப் பிரித்தறிய நுண்ணோக்கி வேண்டும்: ஹிஸ்டிரியத்தின் பழுப்பு வித்துகளில் குறுக்குச் சுவர்கள் மட்டுமே இருக்கும், அதன் உறவினமான ஹிஸ்டிரோபிரேவியத்தில் நெடுக்குச் சுவர்களும் உண்டு. மாதிரியைக் காகித உறையிலிட்டு அருகிலுள்ள கல்லூரியின் தாவரவியல் துறைக்குக் கொண்டுசெல்லுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கிப் பூசணம் பிடித்துவிடும்.

இத்தடிப்புகளால் நுகத்தடி விரைவில் உளுத்துப்போகாது. மரத்தை உண்மையில் மக்கச் செய்யும் பூஞ்சைகளுக்கு ஏறத்தாழ 20 விழுக்காட்டுக்கு மேல் ஈரம் தேவை. அது மண்ணைத் தொடும் முனையில்தான் எளிதில் சேரும். ஐப்பசி மழைக்கு முன் இரு முனைகளையும் கல்லின்மேல் தூக்கி வைத்துவிடுங்கள்.