தொல்லை தராத பிள்ளை

கேள்வி: அக்கா, நானும் வீட்டுக்காரரும் ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போகிறோம். பிள்ளைகள் பாலக்கோடு பக்கம் கிராமத்தில் மாமியாரோடு இருக்கிறார்கள். மாதம் இரண்டு முறை போய்ப் பார்க்கிறோம். சின்னவனுக்கு 9 வயது. எதற்கெடுத்தாலும் அடம், சோத்துத் தட்டைத் தூக்கி எறிகிறான், பாட்டியை அடிக்கிறான். மூத்தவள் எட்டாம் வகுப்பு, அவளால் ஒரு தொல்லையும் இல்லை, தம்பியைச் சாப்பிட வைத்துத் தூங்க வைப்பதெல்லாம் அவள்தான். போன வருடம் வயதுக்கு வந்தபோதுகூட டீச்சரிடம் நாப்கின் வாங்கிக்கொண்டு, நாங்கள் லீவு போட வேண்டி வருமே என்று மூன்று நாள் கழித்துத்தான் எனக்குச் சொன்னாள். அவ்வளவு பொறுப்பு! 'இவ எந்த வீட்டுக்குப் போனாலும் பொழைச்சுக்குவா' என்கிறார் மாமியார். இந்தப் பையனை எப்படித் திருத்துவது?

பதில்: பையனைப் பற்றிச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். ஒன்பது வயதில் 'ஏக்கமா இருக்கு' என்று சொல்லத் தெரியாது, தட்டை எறியத்தான் தெரியும். நீங்கள் ஊருக்குக் கிளம்பும் அன்றும் மறுநாளும் ஆட்டம் கூடுகிறதா என்று மாமியாரிடம் கேட்டுப் பாருங்கள். அடிக்க வேண்டாம். எறிந்த சோற்றை அவனே அள்ளட்டும், நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். கத்தினால் அம்மா வருவாள் என்று அவன் இன்னும் நம்புகிறான்.

அந்த நம்பிக்கை உங்கள் மகளிடம் போய்விட்டது.

மூன்று நாள், தங்கச்சி. பன்னிரண்டு வயசுப் பிள்ளை, அடிவயிற்று வலியோடு, தம்பியைத் தூங்க வைத்துவிட்டு, கறை பட்ட பாவாடையை யார் கண்ணிலும் படாமல் அலசிக் காயப்போட்டுவிட்டு, அம்மாவுக்கு ஒரு நாள் சம்பளம் போய்விடுமே என்று கணக்குப் போட்டிருக்கிறாள். பாட்டியிடமாவது சொன்னாளா? அதை நீங்கள் எழுதவில்லை. சடங்கு செய்தீர்களா, மாமன் சீர் வந்ததா என்பதெல்லாம் எனக்கு முக்கியமில்லை. அந்த மூன்று ராத்திரியும் அவள் தலையை யாரும் தடவிக் கொடுக்கவில்லை, அதைப் போய் நீங்கள் பொறுப்பு என்று பெருமையாக எழுதுகிறீர்கள், படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது.

1950களில் இங்கிலாந்தில் ஜான் பவுல்பி, ஜேம்ஸ் ராபர்ட்சன் என்று இரண்டு பேர், தாயைப் பிரிந்து ஆஸ்பத்திரியில் கிடந்த சின்னக் குழந்தைகளைக் கூர்ந்து கவனித்தார்கள். முதலில் கதறி அழும், அப்புறம் சோர்ந்து கிடக்கும், கடைசியில் அடங்கிவிடும். குழந்தை பழகிக்கொண்டது என்று சுற்றியிருந்தவர்கள் நினைத்தார்கள். ஆனால் தாய் வந்து நின்றபோது அது முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவை கைக்குழந்தையைவிடக் கொஞ்சம் பெரிய பிள்ளைகள், உங்கள் மகளுக்கு விவரம் தெரியும், இரண்டும் ஒன்றல்ல, சரி. ஆனாலும் ஒரு பிள்ளை அடங்கிப்போனதைப் பெரியவர்கள் நல்ல குணம் என்று எடுத்துக்கொள்கிறோமே, அந்தத் தப்பு அன்றைக்கும் இன்றைக்கும் ஒன்றுதான்.

பதின்மூன்று வயதில் பெண் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும், அம்மாவை எதிர்த்துப் பேச வேண்டும், தோழியோடு சண்டை போட்டுச் சாப்பிடாமல் படுக்க வேண்டும். தனக்கு என்ன வேண்டும், என்ன பிடிக்காது என்று அப்படித்தான் அவளுக்கே தெரிய வரும். உங்கள் மகளுக்கு அதற்கு நேரம் இல்லை, அவள் ஒரு பிள்ளையை வளர்த்துக்கொண்டிருக்கிறாள்.

மாமியார் பேச்சை இன்றைக்கே நிறுத்துங்கள். நம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் அந்தப் பேச்சு எங்கே போய் முடியும் என்று உங்களுக்குத் தெரியும். 18 முடியாமல் கல்யாணம் செய்வது குற்றம், 2006ஆம் வருடச் சட்டம் இருக்கிறது, குழந்தைகள் உதவி எண் 1098க்கு ஒரு போன் போனால் அதிகாரிகள் வாசலில் நிற்பார்கள்.

பெற்றவர்களில் ஒருவராவது ராத்திரி பிள்ளைகளோடு ஒரே கூரையின் கீழ் படுக்க வேண்டும், இதில் நான் இறங்கி வர மாட்டேன். ஒரு சம்பளம் குறையும், தெரிந்துதான் சொல்கிறேன். முடியாதென்றால் ஜூன் மாதம் இரண்டு பேரையும் ஓசூருக்கே கூட்டிக்கொள்ளுங்கள், அங்கேயும் அரசுப் பள்ளி இருக்கிறது, ஒன்பதாம் வகுப்பை அங்கே தொடங்கட்டும்.

அதுவரை போனில் 'தம்பி சாப்பிட்டானா' என்று அவளிடம் கேட்காதீர்கள். இந்த வாரம் போகும்போது பையனை அவன் அப்பாவிடம் விட்டுவிட்டு, அவளுக்கு எண்ணெய் வைத்துத் தலை வாரிக்கொண்டே, 'அந்த மூணு நாளும் எப்படிடி இருந்தே' என்று கேளுங்கள். 'ஒண்ணுமில்லம்மா' என்பாள். எழுந்துவிடாதீர்கள். அழுதாலும் கத்தினாலும் கேட்டுக்கொண்டு உட்காருங்கள், கடைசி பஸ் போனால் போகட்டும், மறுநாள் கம்பெனிக்கு லீவு சொல்லிக்கொள்ளலாம்.